உள்ளடங்கிய கல்விக்கான ஆசிரியர் பயிற்சி

உள்ளடங்கிய கல்விக்கான ஆசிரியர் பயிற்சி என்பது, பார்வை, செவித்திறன், உடல் இயக்கம், அறிவுவளர்ச்சி, கற்றல் முதலியவற்றில் குறைபாடு உடைய மாணவர்களைப் பிற மாணவர்களோடு ஒரே வகுப்பறையில் அமர்த்திக் கற்பிப்பதற்குப் பொதுப் பள்ளி ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தும் பயிற்சி ஆகும். இது சிறப்புப் பள்ளிகளில் பணியாற்றுவோர் பெறும் சிறப்புக் கல்விப் பயிற்சியிலிருந்து வேறுபட்டது. சிறப்புக் கல்விப் பயிற்சி ஒரு குறிப்பிட்ட குறைபாட்டில் ஆழ்ந்த தேர்ச்சியைத் தருகிறது. உள்ளடங்கிய கல்விக்கான பயிற்சியோ, ஒரே வகுப்பில் இருக்கும் பலவகை மாணவர்களுக்கும் பாடத்தைக் கொண்டு சேர்க்கும் திறனைப் பொது ஆசிரியருக்குத் தர முயல்கிறது.

தமிழ்நாட்டில் இப்பயிற்சியோடு தொடர்புடைய முக்கிய நிறுவனங்கள் சில சென்னையின் தெற்குப் பகுதியிலும் அதன் புறநகரிலும் அமைந்துள்ளன. முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம், காரப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

சொற்பொருள்

குறைபாடு உடைய குழந்தைகளின் கல்வியைப் பொதுவாக நான்கு நிலைகளில் வைத்துப் பார்ப்பர். ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான குழு 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட 4 ஆம் பொதுக் கருத்துரையும் இப்பகுப்பைப் பின்பற்றுகிறது.

* விலக்கல் - குழந்தைக்குப் பள்ளியில் இடமே தரப்படாத நிலை.
* தனிப்படுத்தல் - குறைபாடு உடையோருக்கென அமைந்த தனிப் பள்ளியில் மட்டும் கற்பிக்கும் நிலை.
* ஒருங்கிணைப்பு - பொதுப் பள்ளியில் இடம் கிடைத்தாலும், பள்ளியின் முறைகளுக்கேற்ப மாணவரே தம்மை மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை.
* உள்ளடக்கம் - பாடம், கற்பிக்கும் முறை, தேர்வு, கட்டடம் ஆகியவற்றை மாணவருக்கேற்பப் பள்ளி மாற்றிக்கொள்ளும் நிலை.

மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் ஆசிரியரைப் பொறுத்தே அமைகிறது. சாய்தளம் கட்டி, சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்ட அளவில் ஒருங்கிணைப்பு நிறைவேறிவிடும். வகுப்பில் நடப்பது அக்குழந்தைக்கு விளங்கினால்தான் உள்ளடக்கம் நிறைவேறும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் ஆவணங்களில் "உள்ளடங்கிய கல்வி", "உள்ளடக்கிய கல்வி" ஆகிய இரு சொற்களும் வழங்குகின்றன.

வரலாறு

இந்தியாவில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்குமான தொடக்ககாலக் கல்வி, பெரும்பாலும் கிறித்தவ சமயத் தொண்டு அமைப்புகளும் அறக்கட்டளைகளும் நடத்திய சிறப்புப் பள்ளிகளின் வழியாகவே நடைபெற்றது. பொதுப் பள்ளிகளில் இக்குழந்தைகளைச் சேர்ப்பதற்கென நடுவண் அரசு 1974 ஆம் ஆண்டில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. சிறப்பாசிரியர் ஊதியம், கருவிகள், நூல்கள் முதலியவற்றுக்கு இத்திட்டம் நிதி அளித்தது. ஆயினும் மாணவரைக் கவனிக்கும் பொறுப்பு சிறப்பாசிரியருடையது என்றே கருதப்பட்டது. பொது ஆசிரியரின் பங்கு குறைவாக இருந்தது.

1987 ஆம் ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும் யுனிசெப் அமைப்பும் இணைந்து, குறைபாடு உடையோருக்கான ஒருங்கிணைந்த கல்விச் செயல்திட்டத்தைத் தொடங்கின. இச்செயல்திட்டம் சோதித்துப் பார்த்த பகுதிகளுள் தமிழ்நாட்டின் ஒரு வட்டாரமும் இருந்தது. தனிப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளாமல், ஒரு வட்டாரத்தின் பள்ளிகள் அனைத்தையும் ஓர் அலகாகக் கொண்டது இதன் சிறப்பாகும். வட்டாரத்தின் எல்லா ஆசிரியர்களுக்கும் குறுகிய கால அறிமுகப் பயிற்சி, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு ஆறு வாரப் பயிற்சி, மிகச் சிலருக்கு ஓராண்டுப் பயிற்சி என மூன்று படிகளில் பயிற்சி அளிக்கப்பட்டது. பின்னர் வந்த திட்டங்களின் பயிற்சிகளும் பெருமளவு இப்படிநிலை அமைப்பையே பின்பற்றின.

1994 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் எசுப்பானியாவின் சலமன்கா நகரில் யுனெசுக்கோ நடத்திய மாநாட்டில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் பங்கேற்றன. அங்கு ஏற்கப்பட்ட சலமன்கா அறிக்கை, எல்லாக் குழந்தைகளையும் ஏற்றுக்கொள்ளும் பொதுப் பள்ளியே வழக்கமாகவும், தனிப் பள்ளி விலக்காகவும் இருக்க வேண்டும் என வலியுறுத்தியது. ஆசிரியர் பயிற்சியை இம்மாற்றத்தின் இன்றியமையாக் கூறாகவும் அது குறிப்பிட்டது. இந்தியாவில் 2001 ஆம் ஆண்டு முதல் அனைவருக்கும் கல்வி இயக்கம் இப்பயிற்சிகளுக்கு நிதி அளித்தது; 2018 ஆம் ஆண்டு முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் நிதி அளித்து வருகிறது.

சட்டப் பின்னணி

* இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டம், 1992 - சிறப்பாசிரியர் பயிற்சியின் தரத்தை வரையறுக்கவும், பயிற்சி பெற்றோரைப் பதிவு செய்யவும் இந்திய மறுவாழ்வுக் குழுவிற்கு அதிகாரம் அளித்தது.
* ஊனமுற்றோர் சமவாய்ப்புச் சட்டம், 1995 - 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்கியது. இச்சட்டம் தற்போது நடைமுறையில் இல்லை.
* மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை - 2006 இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று இதனை உறுதி செய்தது. இதன் 24 ஆம் உறுப்பு உள்ளடங்கிய கல்வியையும் ஆசிரியர் பயிற்சியையும் அரசின் கடமையாக்குகிறது.
* இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 - 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் குறைபாடு உடைய குழந்தைகளைத் தெளிவாக உட்படுத்தியது.
* மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 - 1995 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது.

2016 ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றோடு, தன்மையம் எனப்படும் ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, தலசீமியா முதலியனவும் இதில் அடங்கும். சட்டத்தின் 17 ஆம் பிரிவு, சைகை மொழியும் பிரெயிலும் அறிந்த ஆசிரியர்களையும், அறிவுசார் குறைபாடு உடைய குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்களையும் பணியமர்த்த வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளே ஆசிரியராவதையும் இப்பிரிவு குறிப்பிடுகிறது. 31 ஆம் பிரிவு, 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடைய 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அண்மைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறலாம் என்கிறது. எனவே சிறப்புப் பள்ளியைச் சட்டம் நீக்கவில்லை. தேர்வு குடும்பத்திடமே விடப்பட்டுள்ளது.

2021 அக்டோபரில் இரசனீசு குமார் பாண்டே வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர்களுக்கான விகிதத்தை வரையறுத்து நிலையான பணியிடங்களை உருவாக்குமாறு பணித்தது. 2022 ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கை, தொடக்க நிலையில் குறைபாடு உடைய 10 மாணவருக்கு ஒருவர், உயர் தொடக்க நிலையில் 15 மாணவருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தை நிர்ணயித்தது.

பயிற்சியின் வகைகள்

பணிக்கு முந்தைய பயிற்சி

பொது ஆசிரியர் கல்வியைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவும், சிறப்பு ஆசிரியர் கல்வியை இந்திய மறுவாழ்வுக் குழுவும் தனித்தனியே நெறிப்படுத்துகின்றன. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் கல்வியியல் இளவர் பட்டப் படிப்பு ஈராண்டாக நீட்டிக்கப்பட்டது. அதன் பாடத்திட்டத்தில் உள்ளடங்கிய பள்ளியை உருவாக்குதல் பற்றிய பாடமும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் கல்வியியல் கல்லூரிகளிலும் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது.

பணியிடைப் பயிற்சி

ஏற்கெனவே பணியில் உள்ளோருக்கு வட்டார வள மையங்களின் வழியாகக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. மாநில அளவில் பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் மாவட்டத்திலும், அவர்களிடம் பயின்றோர் வட்டாரத்திலும் பயிற்சி அளிப்பது வழக்கம். 2019 ஆகத்தில் தொடங்கப்பட்ட நிசுதா என்னும் தேசிய அளவிலான பயிற்சித் திட்டத்திலும் உள்ளடங்கிய கல்வி ஒரு கூறாக இடம்பெற்றது.

பணித்தள ஆதரவு

வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்குச் சென்று, வகுப்பாசிரியரோடு இணைந்து பணியாற்றுவது இம்முறையாகும். பயிற்சி அறையில் கேட்டதை உண்மையான வகுப்பில் செய்துபார்க்க இது உதவுகிறது.

பயிற்சியின் உள்ளடக்கம்

இனங்காணல்

வகுப்பாசிரியர் மருத்துவ முடிவு கூறுவதில்லை. ஐயத்திற்குரிய அறிகுறிகளைக் கண்டு, உரிய வல்லுநரிடம் அனுப்புவதே அவரது பணி. கரும்பலகையில் இருப்பதை எப்போதும் பக்கத்து மாணவரின் குறிப்பேட்டைப் பார்த்தே எழுதும் குழந்தைக்குப் பார்வைக் குறைவு இருக்கலாம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், முகத்தைப் பார்த்தால் மட்டும் விடை கூறும் குழந்தைக்குச் செவித்திறன் குறைந்திருக்கலாம். இத்தகைய குழந்தைகள் "கவனமில்லாதவர்" எனத் தண்டிக்கப்படுவதைத் தவிர்ப்பது இனங்காணலின் முதல் பயனாகும். இதற்கெனத் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2022 இல் பிரசசுத் என்னும் செயலியையும், தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023 இல் நலம் நாடி என்னும் செயலியையும் வெளியிட்டன.

பார்வைக் குறைபாடு

கரும்பலகையில் எழுதுவதை உரக்கப் படித்துக்கொண்டே எழுதுதல், "இது", "அங்கே" போன்ற சுட்டுச் சொற்களுக்கு மாற்றாகப் பொருளின் பெயரையும் திசையையும் கூறுதல், படங்களைத் தொட்டறியும் வடிவில் அமைத்தல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. வகுப்பாசிரியர் பிரெயில் முறையில் முழுத் தேர்ச்சி பெற வேண்டியதில்லை எனினும், அதன் அமைப்பை அறிந்திருத்தல் நன்று. ஆறு புள்ளிகளால் ஆன இம்முறையில் தமிழ் உயிர்மெய் எழுத்து ஒலிக்கும் வரிசையிலேயே எழுதப்படுகிறது. "கெ" என்னும் எழுத்தில் அச்சில் கொம்பு முன்னால் வரும். பிரெயிலில் ககரக் குறிக்குப் பின்னரே எகரக் குறி வரும். இதனை அறியாத ஆசிரியர், எழுத்துகளைக் கண்ணால் காணும் வடிவங்களை வைத்து விளக்கினால் பிரெயில் பயிலும் மாணவர் குழம்ப நேரிடும்.

செவித்திறன் குறைபாடு

மாணவர் ஆசிரியரின் முகத்தையும் உதடுகளையும் காண வேண்டியிருப்பதால், கரும்பலகையை நோக்கித் திரும்பியபடி பேசுவதைத் தவிர்க்கவும், வெளிச்சம் தம் முகத்தில் விழுமாறு நிற்கவும் ஆசிரியர் பழகுகிறார். காது கேட்புக் கருவி பேச்சோடு சுற்றுப்புற ஓசையையும் பெருக்கிக் காட்டும். ஆகவே மீனம்பாக்கம் வானூர்தி நிலையம், பெருந்திரள் சாலை, புறநகர்த் தொடர்வண்டிப் பாதை ஆகியவற்றுக்கு அருகில் உள்ள பள்ளிகளில் மாணவரின் இருக்கை எங்கு அமைகிறது என்பது கற்றலைப் பெரிதும் பாதிக்கும். சாலைப் பக்கச் சன்னலிலிருந்து விலகி, ஆசிரியருக்கு அண்மையில் அமர்த்துவது எளிய தீர்வாகும்.

கற்றல் குறைபாடு

எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தொடர்ந்து இடர்ப்படும் மாணவருக்கு அறிவுத்திறன் குறைவு எனக் கருதுவது பிழையாகும். தமிழில் ல, ழ, ள வேறுபாடும், ன, ண, ந வேறுபாடும், மெய்க்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்கும் ஒகர ஓகாரக் குறிகளும் இம்மாணவர்களுக்குக் கூடுதல் இடர் தருவன. மணலில் எழுதுதல், ஒலியையும் வடிவத்தையும் ஒரே நேரத்தில் இணைத்தல், வாய்மொழியாக விடை பெறுதல் முதலிய முறைகள் பயிற்சியில் இடம்பெறுகின்றன. 1990களின் தொடக்கத்தில் சென்னையில் தோன்றிய மெட்ராசு டிசுலெக்சியா சங்கம், பொதுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறது.

அறிவுசார் குறைபாடும் பல்வகைக் குறைபாடும்

ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பித்தலும், தனிநபர் கல்வித் திட்டம் வகுத்தலும் இங்கு முதன்மை பெறுகின்றன. வகுப்பு முழுவதும் பணத்தைக் கொண்டு கூட்டல் கணக்குப் போடும்போது, ஒரு மாணவர் நாணயங்களை இனம் பிரிக்கலாம். பாடம் ஒன்றே, எதிர்பார்ப்பு வேறு. பேச இயலாத மாணவருக்குப் படப் பலகை வழியாக விடை கூறும் வாய்ப்பையும் ஆசிரியர் தர வேண்டும்.

தேர்வுச் சலுகைகள்

தமிழ்நாட்டு அரசுப் பொதுத் தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் தகுதியுடையோருக்கு உண்டு. இவற்றுக்கு உரிய சான்றுகளோடு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியர் இதனை அறியாதிருந்தால் மாணவர் உரிமையை இழக்க நேரிடும்.

தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

தாம்பரம் பகுதி 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியுள்ளது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அரசுப் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் இங்கு நெருங்கி அமைந்துள்ளன.

முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் நடுவண் அரசின் சமூகநீதி, அதிகாரமளித்தல் அமைச்சகத்தால் நிறுவப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் ஒருசேர அமைந்தோருக்கெனத் தோற்றுவிக்கப்பட்டது இது. சிறப்புக் கல்வியில் பட்டய, பட்டப் படிப்புகளையும், பணியில் உள்ளோருக்குக் குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்துகிறது. பழைய மாமல்லபுரம் சாலையை அடுத்த காரப்பாக்கத்தில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் உள்ளது. 2008 ஆம் ஆண்டில் உருவான இப்பல்கலைக்கழகம் மாநிலத்தின் கல்வியியல் கல்லூரிகளை இணைப்புப் பெற்றவையாகக் கொண்டுள்ளது. எனவே மாநிலத்தின் வருங்கால ஆசிரியர்கள் உள்ளடங்கிய கல்வி பற்றி என்ன படிக்கிறார்கள் என்பது பெரும்பாலும் இங்கு முடிவாகிறது.

சென்னை நகரின் தென்பகுதியில் தன்னார்வ நிறுவனங்களும் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகின்றன. அடையாற்றில் உள்ள பால வித்யாலயா 1969 இல் தொடங்கப்பட்டது. செவித்திறன் குறைந்த சிறு குழந்தைகளுக்கு இளம் பருவத்திலேயே பேச்சும் மொழியும் பயிற்றுவித்துப் பொதுப் பள்ளிக்கு அனுப்புவது இதன் நோக்கம். இங்கு ஆசிரியர் பயிற்சியும் நடைபெறுகிறது. கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர், 1985 இல் பூனம் நடராசனால் இந்திய முடக்குவாதச் சங்கத்தின் சென்னை அமைப்பாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் பெயர் மாற்றம் பெற்றது. மூளை முடக்குவாதம் உடைய மாணவர்களைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்து, அங்குள்ள ஆசிரியர்களுக்குத் துணை நிற்பது இதன் பணிகளுள் ஒன்று. தமிழ்நாடு அரசு உலக வங்கி உதவியோடு நடத்தும் உரிமைகள் திட்டத்தின் கீழ், விழுதுகள் என்னும் ஒருங்கிணைந்த சேவை மையம் சோழிங்கநல்லூரிலும் அமைக்கப்பட்டுள்ளது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

* படிநிலைப் பயிற்சியில் ஒவ்வொரு படியிலும் செய்தி நீர்த்துப் போகிறது. மாநில அளவில் ஐந்து நாளில் கற்பிக்கப்பட்டது, வட்டார அளவில் ஒரு பிற்பகல் உரையாகச் சுருங்கக்கூடும்.
* பொது ஆசிரியர் கல்விக்கும் சிறப்பு ஆசிரியர் கல்விக்கும் இரு வேறு குழுக்கள் இருப்பதால், ஒரே வகுப்பறையில் பணியாற்ற வேண்டிய இருவரும் தம் பயிற்சிக் காலத்தில் சந்திப்பதே இல்லை.
* கல்வியியல் பட்டப் படிப்பில் உள்ளடங்கிய கல்வி பெரும்பாலும் எழுத்துத் தேர்வுக்குரிய பாடமாகவே உள்ளது. குறைபாடு உடைய ஒரு மாணவருக்கேனும் கற்பித்துப் பாராமலே பட்டம் பெற இயலும்.
* சிறப்புப் பயிற்றுநர்கள் பலர் தொகுப்பூதியத்தில் பணியாற்றுகின்றனர். ஒருவரே பல பள்ளிகளைக் கவனிப்பதால் ஒரு பள்ளிக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.
* திட்ட நிதியில் நடக்கும் பயிற்சிகள் முதன்மையாக அரசுப் பள்ளிகளையும் உதவி பெறும் பள்ளிகளையும் சென்றடைகின்றன. தனியார் பள்ளிகள் மிகுந்த புறநகரில் இவ்விடைவெளி பெரிது.

செவித்திறன் குறைந்த மாணவர் குறித்துக் கொள்கை அளவிலும் கருத்து வேறுபாடு உண்டு. சைகை மொழி அறிந்த ஆசிரியரோ தோழரோ இல்லாத பொதுப் பள்ளியில், குழந்தை உடலளவில் வகுப்பில் இருந்தும் மொழியளவில் தனித்துவிடுகிறது என்பது காது கேளாதோர் அமைப்புகள் பலவற்றின் வாதம். பேச்சுப் பயிற்சியை முன்னிறுத்துவோரோ, இளம் பருவத்திலேயே கருவியும் பயிற்சியும் கிடைத்தால் பொதுப் பள்ளியே ஏற்றது என்பர். எந்தக் குழந்தைக்கு எப்போது எந்த வழி என்பதைச் சூழலை அறிந்தே முடிவு செய்ய வேண்டும் என்பதில் இரு தரப்பும் பெரிதும் உடன்படுகின்றன.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 2.68 கோடி பேர், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். இந்தியாவில் குறைபாடு உடைய ஐந்து வயதுக் குழந்தைகளுள் நான்கில் மூவர் எந்தக் கல்வி நிறுவனத்திற்கும் செல்வதில்லை என யுனெசுக்கோ 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறியது. சட்டம் அண்மைப் பள்ளியின் கதவைத் திறந்துள்ளது. உள்ளே வந்த குழந்தை கடைசி இருக்கையில் வெறுமனே அமர்ந்திருக்குமா, கற்குமா என்பது அவ்வகுப்பின் ஆசிரியர் பெற்ற பயிற்சியையும், அதன் பின்னர் அவருக்குக் கிடைக்கும் தொடர் துணையையும் பொறுத்தது.

இவற்றையும் பார்க்க

* சிறப்புக் கல்வி
* பிரெயில்
* இந்திய சைகை மொழி
* சலமன்கா அறிக்கை
* மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016
* தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம்